மாமா சொல்ல வந்த சொல்

திரையில் ‘போக’ என்ற சொல் மட்டும் நின்றிருந்தது. மாமாவின் விரல்கள் விசைப்பலகையில் ஓடிக்கொண்டேயிருந்தன. அதற்குப் பிறகு ஓர் எழுத்துகூட வரவில்லை. அத்தை எட்டிப் பார்த்து, “போக வேண்டாம்ங்கிறாக” என்றார் மகளிடம். மாமா வேகமாகத் தலையை ஆட்டி மறுத்தார். “பாத்தியா, வேண்டாம்னுதான் தலைய ஆட்டுறாக.” கொச்சியில் கிடைத்த வேலையில் சேருவதா இல்லையா என்று மறுநாள் பதில் சொல்ல வேண்டியவள், உள்ளே போனாள்.

மாமா கம்பத்தில் திராட்சைக் கமிஷன் கடை வைத்திருந்தவர். தொண்டையில் நடந்த அறுவைச் சிகிச்சையில் குரல் போய்விட்டது. அதன்பின் கணினிதான் அவருக்கு வாய். அவர் தட்டச்சு செய்வதை அது உரக்க வாசிக்கும். இளவயதில் டைப்ரைட்டிங் படித்த விரல்கள். நம் பேச்சுக்கு ஈடுகொடுப்பார். தாளில் எழுதச் சொன்னால் தள்ளிவிடுவார். சத்தம் கேட்டால்தான் ஆட்கள் திரும்பிப் பார்க்கிறார்கள் என்பது அவர் கட்சி. தாமதமாகப் பேசுபவரின் பேச்சை மற்றவர்கள் எவ்வளவு சீக்கிரம் கைப்பற்றிக்கொள்கிறார்கள் என்பதை அன்றுதான் நானும் கவனித்தேன்.

அந்தக் கணினியின் இயங்குதளத்தை முந்தைய நாள் புதுப்பித்துக் கொடுத்தது நான். அதிலிருந்துதான் இந்தத் தாமதம். புதியது பழைய கணினிக்குப் பாரமாகிவிட்டதோ என்று தேவையற்றவற்றை நிறுத்தினேன். வேறொரு விசைப்பலகையைச் செருகிப் பார்த்தேன். மாற்றமில்லை.

மேசையைத் துடைக்க வந்த அத்தை, “நான் தொட்டாலும் இப்படித்தானாப்பா?” என்று ஒற்றை விரலால் ஒரு விசையை அழுத்தினார். எழுத்து வந்தது. இன்னொன்றை அழுத்தினார். அதுவும் வந்தது. மாமா தட்டினார், வரவில்லை.

“என் கைக்கு மட்டும் கேக்குது பாரேன்” என்று அத்தை சிரித்தார். நான் அவர் விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அழைப்பு மணியை அழுத்துவதுபோல, எடுக்காமல் அழுத்திப் பிடித்திருந்தார். மாமாவின் விரலோ பட்டதும் எழுந்துவிடும். அப்படியானால் கணினி மெதுவாக வேலை செய்யவில்லை. பட்டதும் விலகும் தொடுதலை அது கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை. விரல் சற்றே தங்கியதால் ‘போக’ மட்டும் விழுந்திருக்க வேண்டும்.

அமைப்புகளில் தேடினேன். கை நடுங்குபவர்கள் தவறுதலாகத் தொடும் எழுத்துகளைத் தவிர்க்க ‘ஃபில்டர் கீஸ்’ என்றொரு வசதி செயல்பாட்டில் இருந்தது. வலப்பக்க ஷிஃப்டைச் சிறிது நேரம் அழுத்திப் பிடித்தாலே அது விழித்துக்கொள்ளுமாம். புதுப்பித்தபோது யார் கை அதன்மேல் இருந்ததோ, இன்றுவரை தெரியாது. அதை அணைத்தேன்.

மாமா என்னை விலக்கிவிட்டு உட்கார்ந்தார். கோபமும் தாபமும் தெரியாத அந்தக் கணினிக் குரல் வாசித்தது: “போகட்டும்னு சொல்ல வந்தேன். அதுக்குள்ள நீ வேண்டாம்னு முடிச்சுட்ட.”

மகள் வாசற்படிக்கு வந்து நின்றாள். அத்தை துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார்.

“கொச்சிக்குப் போற வழியில, குமுளி மலையில பஸ் ஏறுனா அவளுக்குத் தலை சுத்துமே.”

மாமா தட்டினார். இம்முறை அத்தை திரையை எட்டிப் பார்க்கவில்லை. கணினி வாசிக்கும்வரை காத்திருந்தார்.

“சன்னலோரமா உக்காரச் சொல்லு. நானும் கூடப் போறேன்.”