பொண்ணு ஊட்டுல சாப்பிட்ட லட்டு

எனக்குச் சின்ன வயசுலயே சுகர். மாத்திரைக்கு அடங்காத சுகர்; தினம் இன்சுலின் ஊசிதான். கும்மிடிப்பூண்டியில இரும்புக் கம்பி போடுற கம்பெனியில வேலை. அங்க எல்லாருக்கும் இது தெரியும். பொண்ணு ஊட்டுக்கு மட்டும் தெரியக்கூடாதுன்னு அம்மா என் கையைத் தன் தலை மேல வெச்சு சத்தியம் வாங்கிக்கினாங்க. இன்னா அக்கிரமம் பாருங்க!

டாக்டர் ஒருவாட்டி விளக்கமா சொன்னாரு. "சோறு உள்ள வந்ததும் குடல்ல ஹார்மோன் சுரக்கும். இன்சுலினை விடுன்னு அது கணையத்துக்குச் சொல்லும். உனக்குக் குடல் சொல்லும், கணையத்தால முடியாது. அதான் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்னாடி ஊசி. போட்டுட்டா சாப்பிட்டே ஆகணும்."

செல்போன்ல இன்கமிங் இலவசமான புதுசுல, ஆர்.கே.பேட்டைக்குப் பொண்ணு பார்க்கப் போனோம். அம்மாவோட அண்ணன், எங்க மாமா, போனைக் காதுல இருந்து எடுக்கவே இல்ல. உள்ள இலை கழுவுற சத்தம் கேட்டுச்சு. சாம்பார் வாசனை வேற. சரி, சாப்பாடு போடப் போறாங்கன்னு பின்பக்கம் போய் ஊசியைப் போட்டுக்கினு வந்துட்டேன்.

அங்கதான் கோட்டை விட்டேன். சம்மதம் சொல்றவரைக்கும் பொண்ணு ஊட்டுல கை நனைக்க மாட்டாங்க எங்க ஜனங்க. தண்ணியைத் தவிர ஒண்ணையும் தொடக்கூடாது. சம்மதம் சொல்ல வேண்டிய மாமாவோ, கல்யாணத்தை எந்த ஊர்ல வைக்கிறதுன்னு இழுத்துக்கினே இருந்தாரு.

எனக்குக் கை நடுங்க ஆரம்பிச்சுது. வயித்துல ஒண்ணுமில்ல, ஊசி மட்டும் அது வேலையைப் பார்த்து சுகரை இறக்கிக்கினே இருந்துச்சு. எழுந்து வெளிய போனா, மாப்ள கோச்சுக்கினு போறாருன்னு ஆயிடும். வாயைத் தொறந்தா அம்மா தலைமேல பண்ண சத்தியம். பாக்கெட்ல எப்பவும் இருக்கிற சர்க்கரைப் பொட்டலத்தையும், யாருக்காவது சந்தேகம் வரும்னு அம்மா காலையிலயே எடுத்துட்டாங்க. இப்ப எதிர்ல உட்கார்ந்து கண்ணாலயே கெஞ்சறாங்க. செத்தாலும் இந்தப் பாயிலயே உட்கார்ந்துதான் சாகணும் போல. கோவமும் அழுகையும் ஒண்ணா வந்துச்சு.

முன்னாடி தட்டு நிறைய லட்டு. ஒண்ணை எடுத்து வாயில அடைச்சுக்கினேன். அப்புறம் இன்னொண்ணு.

"மாப்ளைக்குப் புடிச்சுப்போச்சு டோய்!"ன்னு ஒரே கூச்சல். பொண்ணோட அப்பா ஓடியாந்து என் கையைப் புடிச்சுக்கினாரு. கதவோரம் நின்னுக்கினு இருந்த பொண்ணு சிரிச்சுது. அதைப் பார்த்தப்புறம் என்னால சும்மா இருக்க முடியல.

"எனக்கு சுகருங்க. தினம் ஊசி போடுறேன். மயக்கம் வந்துச்சு, அதான் சாப்ட்டேன்."

அம்மா முந்தானையால மூஞ்சியை மூடிக்கினாங்க. மாமா போனையே பார்த்துக்கினு இருந்தாரு. பொண்ணு உள்ள போயிடுச்சு. அவங்க அப்பா மட்டும் என் கையை விடல.

"சொல்லாம இருந்திருக்கலாமே, தம்பி"ன்னாரு மெதுவா. "இனிமே நான் எப்படி சரின்னு சொல்றது?"