புயல் வரட்டும் என்றேன்

கடலிலிருந்து வெகு தொலைவில், கம்பைநல்லூர்ப் பக்கம் எங்களுக்கு மஞ்சள் காடு இருக்கிறது. எங்கள் ஏரி நிரம்ப வேண்டுமென்றால் வங்கக் கடலில் புயல் உருவாக வேண்டும். அதனால் டிவியில் புயல் சின்னம் என்று சொன்னாலே எனக்கு மனசு குளிர்ந்துவிடும்.

அன்றும் அப்படித்தான். மகளைக் கடலூர்ப் பக்கம் ஒரு கடலோர ஊரில் கட்டிக் கொடுத்திருக்கிறேன். அவள் மாமியார் போன் செய்தார். அவர் பேசுவதற்கு முன்பே, "புயல் வருதாமுங்க சம்பந்தியம்மா. வரட்டுங்க, அப்பத்தான் எங்க ஏரி ரொம்பும்" என்றேன்.

அந்தப் பக்கம் பாத்திரங்களை மூட்டை கட்டும் சத்தம் கேட்டது. "நாங்க பள்ளிக்கூடத்து முகாமுக்குக் கெளம்புறோம். உங்க பொண்ணு பத்திரமா இருக்கா. அதச் சொல்லத்தான் கூப்பிட்டேன்" என்றார்.

"இன்னும் தூரத்துலதானுங்களே இருக்குது?" என்று சமாளித்தேன்.

"முன்ன மாதிரி இல்லீங்க. இப்பல்லாம் கடல் சூடாவே கெடக்கு. அந்தச் சூடுதான் புயலுக்குத் தெம்பு. சாயங்காலம் சின்னதா இருக்கிறது விடியறதுக்குள்ள பெருசாயிடுது."

கரை கடந்த புயல் வலுவிழந்து, எங்களுக்கு வெறும் மழையாகத்தான் வந்தது. விடாமல் பெய்தது. மறுநாளும் அவரே கூப்பிட்டார்.

"ஏரி ரொம்பிச்சுங்களா?" அதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

"ரொம்பிடுச்சுங்க" என்றேன். "நல்லதுங்க" என்றார். குரலில் நிஜமான சந்தோஷம் இருந்தது. அவர்கள் வீட்டுக் கூரை பறந்துபோனதைப் பிறகு மகள்தான் சொன்னாள்.

பொய் சொல்ல மாட்டேன். புயல் என்றால் இன்றும் எனக்கு ஏரிதான் முதலில் நினைவுக்கு வருகிறது. ஆனால் செய்தி முடிவதற்குள் போனை எடுத்து, "பஸ் ஏறி நம்ம வூட்டுக்கு வந்துடுங்க சம்பந்தியம்மா" என்று சொல்லிவிடுகிறேன்.