இரண்டாவது டிஸ்க்

தாராவியில் கல்யாணம், கோயில் கொடை என்று மைக் செட் போட்டுக்கொண்டிருந்த எனக்கு மாட்டுங்காவில் ஒரு சபா வேலை வருவதாக இருந்தது. வருவதாக இருந்தது, அவ்வளவுதான். சபாவின் காரியதரிசி, ரிடையர் ஆன பெரிய அதிகாரி, என் காது எப்படி என்று பார்த்துவிட்டுத்தான் முடிவு சொல்வேன் என்றிருந்தார். அன்றிலிருந்து எனக்கு இரண்டு காதிலும் இரைச்சல்.

எங்கள் பக்கம் நல்ல சவுண்டு என்றால், அடுத்த தெருக் கோயில் பாட்டு நம் தெருவில் கேட்கக் கூடாது. அதற்கு மேல் யாரும் எதிர்பார்த்ததில்லை. இவரோ சாதா சிடியில் பாட்டின் தோல்தான் இருக்கிறது, ஹை ரெசல்யூஷன் டிஸ்க்கில்தான் உயிர் இருக்கிறது என்றார். ஒரே கச்சேரி இரண்டிலுமாக அவரிடம் இருந்தது. பாடகர் மூச்சு இழுப்பதுகூட ஹை ரெசல்யூஷனில் தனியாகக் கேட்குமாம். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். தெரியவில்லை என்று சொல்லும் தைரியம் படித்தவர்களுக்குத்தான் வரும். தலையாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொன்னார். போனதும் ரயில் சத்தம் வரும் என்று ஜன்னல்களைச் சாத்தினார். காற்றுச் சத்தம் வரும் என்று ஃபேனை நிறுத்தினார். மே மாதம். ஸ்பீக்கர்கள் எதிரே, பிளேயர் எங்கள் முதுகுக்குப் பின்னால். எது எதென்று எங்களுக்குத் தெரியாமல் அவர் மனைவி டிஸ்க்கை மாற்றிப் போட வேண்டும் என்று ஏற்பாடு.

முதலில் ஒன்று ஓடியது. நன்றாக இருந்தது. நின்று, மறுபடி ஆரம்பித்தது. அதுவும் அதே மாதிரி நன்றாக இருந்தது. இத்தனை வருஷம் ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே நின்று காது போய்விட்டது, வேலையும் போயிற்று என்றே முடிவு கட்டிவிட்டேன். கடைக்கண்ணால் அவரைப் பார்த்தேன். அவர் கடைக்கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். புருவத்தில் இறங்கிய வியர்வையை உதறத் தலையைச் சிலுப்பினேன். உடனே அவர் கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போட ஆரம்பித்தார். அவர் தாளம் போடுகிறாரே என்று நானும் கண்ணை மூடினேன்.

"கேட்டேளா?" என்றார் முடிந்ததும்.

"ஆமா சார். ரெண்டாவதுதான். என்னமோ ஒண்ணு கூடுதலா கெடக்கு."

"என்னமோ இல்லை. உயிர்."

சமையலறை வாசலில் மாமி நின்றிருந்தார். "எது ரெண்டாவது? குக்கர் விசில் அடிச்சுதேன்னு உள்ள போயிட்டேன். பாட்டு நின்னுடுத்து, ஓடி வந்து அதையே திரும்ப அமுக்கினேன். ரெண்டு தடவையும் சாதா சிடிதான்."

அந்த விசில் எங்கள் இருவர் காதிலும் விழவில்லை.

அவர் எழுந்து போய் ஃபேனைப் போட்டார். அப்படியே ஜன்னல்களையும் திறந்தார். பிறகு என்னைப் பார்க்காமல் சொன்னார்: "சபா வேலையை நீங்களே பாத்துக்கோங்கோ. இந்த விஷயம் கமிட்டியில யாருக்கும் தெரிய வேண்டாம்."

"நான் எதுக்கு சார் சொல்லப் போறேன்" என்றேன்.

வேலை கிடைத்துவிட்டது. காதுக்காகக் கிடைத்ததா வாய்க்காகக் கிடைத்ததா என்று தாராவி வந்து சேரும்வரை குழப்பம். வித்தியாசம் கேட்காதபோது என் காது சரியாகத்தான் இருந்திருக்கிறது; கேட்டது என்று சொன்ன வாய்தான் கெட்டது. ஆனால் உயிர் உள்ள அந்த டிஸ்க்கை அவர் அன்று போட்டுக் காட்டவே இல்லை. நானும் கேட்கவில்லை. போட்டு, அதிலும் ஒன்றும் தெரியாமல் போயிருந்தால்?