மூக்குக்கு முன்னால் நின்ற ஆள்

புரொப்பெல்லர் நின்றபோது அதற்கும் ஏசுபாதத்தின் வயிற்றுக்கும் நடுவே ஒரு கை நீளம்தான் இருந்தது.

இரண்டாயிரத்தின் முதல் சில ஆண்டுகள். கும்மிடிப்பூண்டியில் லாரி, பஸ் சீட் செய்யும் ஒரு யூனிட்டில் நான் சூப்பர்வைசர். ஏசுபாதம் எங்கள் குஷன் மேஸ்திரி. ஊத்துக்கோட்டைப் பக்கம் சொந்த நிலத்தில் ஓடுபாதை போட்டிருந்த ஓய்வுபெற்ற விமானி ஒருவர், தன் சிறிய விமானத்துக்கு சீட் கேட்டு வந்தார். கேப்டன் என்று கூப்பிடுவோம். பழைய சீட் முதுகைக் கொல்கிறது, மெத்தென்று வேண்டும் என்றார்.

லாரிக்குச் செய்வதைப் போலவே பழைய சீட்டின் உயரத்தை அளந்து, அதே உயரத்துக்குப் புது ஃபோம் வைத்தோம். ஆள் உட்கார்ந்தால் அது எவ்வளவு அமுங்கும் என்று யாரும் பார்க்கவில்லை. லாரி டிரைவர் உயரத்தில் இருப்பார். கொஞ்சம் அமுங்கினாலும் சாலை தெரியும்.

சீட்டைப் பொருத்த நாங்கள் இருவரும் போனோம். அந்த விமானத்துக்கு வால் பக்கம் ஒரு சின்னச் சக்கரம். தரையில் நிற்கும்போது வால் தாழ்ந்து, மூக்கு வானத்தைப் பார்க்கும். கேப்டன் ஏறி உட்கார்ந்தார்.

"ஆகா, சோபா மாதிரி இருக்கு" என்றபடி இன்ஜினைப் போட்டார்.

விமானம் நின்ற ஷெட்டுக்கு வெளியே இடப்புறம் ஒரு பள்ளம். லாரி இடுக்கில் வந்தால் ஓர் ஆள் முன்னால் நின்று கை காட்டுவது எங்கள் யூனிட் பழக்கம். யாரும் சொல்லாமலே ஏசுபாதம் விமானத்தின் முன்னால் போனார். இரண்டு கையாலும் 'வா, வா' என்று கூப்பிட்டபடி பின்னோக்கி நடந்தார். விமானம் லாரி போல ஊர்ந்து வரவில்லை. சட்டென்று வேகம் எடுத்தது.

நான் பக்கவாட்டில் இருந்தேன். கேப்டனின் முகம் பள்ளத்தின் பக்கம் திரும்பியிருந்தது. கத்தினேன், இன்ஜின் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. அவர் கண் போன பக்கமே ஓடி, பள்ளத்தின் விளிம்பில் நின்று கைகளைக் குறுக்கே ஆட்டினேன். இன்ஜின் அணைந்தது.

ஏசுபாதத்துக்கு முதலில் கோபம்தான் வந்தது. "இன்னா கேப்டன் சார், நான் கை காட்டிக்கினே கீறேன், நீங்க பாட்டுக்கு வர்றீங்க?"

கேப்டன் இறங்கி மூக்கைச் சுற்றி வந்தார். ஏசுபாதத்தைப் பார்த்ததும் இறக்கையைப் பிடித்துக்கொண்டார். "நீ எப்போய்யா இங்க வந்தே?"

"மொதல்லேர்ந்து இங்கதான் கீறேன்."

தரையில் இருக்கும்போது நேர் எதிரே இருப்பதை விமானத்தின் மூக்கு மறைத்துவிடும் என்றார் கேப்டன். பழைய சீட்டில் மூக்கின் இரு ஓரமும் கொஞ்சம் தரை தெரியுமாம்; வளைந்து வளைந்து ஓட்டிச் சமாளிப்பாராம். புதுசு அமுங்கியதில் அதுவும் போய்விட்டது.

பிறகு சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, ஏசுபாதத்தை அந்தச் சீட்டில் ஏற்றினார். ஏசுபாதம் முன்பு நின்ற இடத்தில் நான் போய் நின்றேன்.

"சார், எங்க போயிட்டீங்க?"

இரு கைகளையும் உயர்த்தி ஆட்டினேன்.

"சார்! வெளாடாதீங்க சார், எங்க கீறீங்க?"

இறங்கி வந்தவர் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தார்.

கேப்டனின் சீட்டைக் கெட்டி ஃபோமில் உயர்த்திச் செய்து கொடுத்தோம். அதன் பிறகு ஆளை உட்காரவைத்து, கண் எந்த உயரத்தில் வருகிறது என்று அளக்காமல் எங்களிடமிருந்து எந்த சீட்டும் வெளியே போனதில்லை. வண்டி நமக்குத் தெரிகிறது என்பதால், வண்டியில் இருப்பவருக்கும் நாம் தெரிகிறோம் என்று ஆகிவிடாது.

ஏசுபாதம் அதைத் தன் வழியில் சரிபார்த்தார். லாரி முன்னால் நின்றால் முதலில் கத்துவார்: "யோவ், என் சட்டை இன்னா கலரு?"

"இன்னா நைனா, பொண்ணு பாக்க வந்துகீறியா?" என்று டிரைவர்கள் கிண்டல் செய்வார்கள்.

"கலரைச் சொல்லு. அப்பால கை காட்டறேன்."

பதில் வரும்வரை கையைத் தூக்க மாட்டார்.