ஒத்திகை நோயாளி

மற்ற பெண்கள் வீட்டு வேலைக்குப் புருஷனைப் பிடித்து இழுப்பார்கள். இவள் ஆபீஸ் வேலைக்கு இழுத்தாள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

இவளுக்கு வேலை, கேள்வி கேட்பது. மூட்டு வீங்கி, விரல் மடங்காமல், காலையில் கட்டையாய்க் கிடக்கும் வாத நோயாளிகளுக்கு வலியைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. அசதி. அது எவ்வளவு என்று கண்டுபிடிக்க எங்கோ இருக்கும் டாக்டர்கள் எழுதிய கேள்விகளை இவளுடைய கம்பெனி தமிழாக்கும். அந்தத் தமிழ் புரிகிறதா என்று, அச்சுக்குப் போகும்முன் நோயாளிகளையே உட்காரவைத்துப் பார்ப்பவள் இவள். 'களைப்பு' என்று போடுவதா, 'அசதி' என்று போடுவதா என்று ஆபீசில் பெரிய மல்லுக்கட்டே நடந்திருக்கிறது. மாடிப்படி ஏறினால் வருவது களைப்பு, சும்மா கிடந்தாலும் வருவது அசதி என்று வாதாடி ஜெயித்தவளும் இவள்தான்.

அந்த வேலைக்கு ஒரு விதி உண்டு. நோயாளி சொல்லும் பதில் முக்கியமில்லை. கேள்வியை அவர் எப்படிப் புரிந்துகொண்டார் என்பதுதான் முக்கியம். ஒருவர் "பத்துக்குப் பத்து, பொணமாட்டம் கிடக்கேன்" என்று சொன்னால் ஐயோ என்று பதறக் கூடாது. "பத்துன்னா உங்களுக்கு என்ன அர்த்தம்? உங்க வார்த்தையில சொல்லுங்க" என்று கேட்டுவிட்டு, கேள்வி புரிந்தது என்று குறித்துக்கொள்ள வேண்டும். எடுத்துக் கொடுக்கக் கூடாது, உதவக் கூடாது, தலையாட்டக்கூடக் கூடாது. ஆரம்பத்தில் வீட்டுக்கு வந்து அழுதாள். அப்புறம் பழகிவிட்டது. பழகியதுதான் கெடுதலாகப் போயிற்று.

புதுக் கேள்விகள் வந்தால் முதலில் வீட்டில் ஒத்திகை. புருஷன் லிஃப்ட் மெக்கானிக், வாட்டசாட்டமான ஆள். சாயங்காலம் குளித்துவிட்டு வந்து நாற்காலியில் சாய்ந்து, "சொல்லு, இன்னிக்கி நான் யாரு?" என்பார். வாயாடி நோயாளியாக வருவார். எதைக் கேட்டாலும் மருமகளைத் திட்டும் மாமியாராக வருவார். இவளுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு புண்ணாகும்.

இந்த வருஷம் தன் வேஷங்களில் புதிதாக ஒரு ஆளைக் கூட்டிவந்தார். அந்த ஆளுக்குக் குரல் தணிந்திருக்கும், நகைச்சுவை கிடையாது. "பல்லு விளக்க பிரஷ்ஷை ரெண்டு கையாலயும் சேத்துப் பிடிக்கணும். கொஞ்ச நேரம் வெந்நீர்ல வச்சாத்தான் விரல் நம்ம பேச்சைக் கேக்கும். தூக்கம் இல்லம்மா இது. தூங்கி எந்திரிச்சாலும் போக மாட்டேங்குது. யாரோ என்னைப் புழிஞ்சு கொடில போட்ட மாதிரி இருக்கு."

"ஏங்க, பிச்சு உதறுறீங்க! நீங்க நாடகத்துல சேந்திருக்கணும்" என்று இவள் கை தட்டினாள். அவரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

நோயாளிகள் சொல்லும் அந்த வெந்நீர் விஷயத்தை இவள் ஒருநாளும் வீட்டில் சொன்னதில்லை. அது அவருக்கு எப்படித் தெரியும் என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். ஊரெல்லாம் கேள்வி கேட்பவளுக்கு அந்த ஒரு கேள்வி வாயில் வரவில்லை.

கொஞ்ச நாளாக அவருக்குக் காலையில் சட்டைப் பொத்தானை இவள்தான் போட்டுவிட வேண்டும். குழந்தைபோல் முன்னால் வந்து நிற்பார். "இந்த வயசுல கொஞ்சலைப் பாருங்க" என்று ஆபீசில் பீற்றிக்கொண்டாள்.

இவளுடைய தம்பி அவரோடுதான் வேலை செய்கிறான். லிஃப்ட் ஏறி இறங்கும் செங்குத்துச் சுவர்க்கூண்டுக்குள் அவர் மேலே நின்று கனத்த சாமான்களைக் கயிற்றில் இறக்குவார், தம்பி அடிக்குழியில் நின்று வாங்குவான். ஒருநாள் சாப்பிட வந்தவன், "அக்கா, மாமா என்னைப் போட்டுத்தள்ளப் பாத்தாரு! மேலேர்ந்து ஸ்பேனரை விட்டாரு பாரு, காதை உரசிட்டுப் போச்சு. சொத்துகித்து ஏதாவது என் பேர்ல இருக்கா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். கையை மட்டும் மேஜைக்கு அடியிலிருந்து எடுக்கவில்லை.

நேற்று ஆஸ்பத்திரியில், ஜன்னலில்லாத அந்தச் சின்ன அறையில், சலவைக்கடையில் இஸ்திரி போடும் ஒரு அம்மாள் எதிரே உட்கார்ந்தாள். விரல்கள் ஒரே பக்கமாகக் கோணியிருந்தன. 'உங்கள் அசதியைப் பிறருக்குப் புரியவைப்பது எவ்வளவு கடினமாக இருந்தது?' என்று இவள் வாசித்தாள். இந்தக் கேள்வியில் உங்களுக்கு என்ன புரிகிறது என்றும் கேட்டாள்.

"புரியாம என்ன? வேலை போயிருமேன்னு பயந்து வீட்ல மறச்சேன். ஆனா மனசு கேக்குமா? விளையாட்டா சொல்லிப் பாப்பேன், வேற யாருக்கோ வந்த மாதிரி நடிச்சுக் காட்டுவேன். யாராவது கண்டுபிடிக்கிறாங்களான்னு பாப்பேன். புள்ளைங்க சிரிக்கும். நானும் சிரிப்பேன். ஜாக்கெட் கொக்கியை மகளை மாட்டிவிடச் சொல்வேன், செல்லம் கொஞ்சுறேன்னு நெனச்சுக்கிட்டா. ஆரம்பத்துலயே வந்திருந்தா வெரலு இப்படிக் கோணியிருக்காதாம். டாக்டர் திட்டுனாரு."

காலையில் போட்டுவிட்ட சட்டைப் பொத்தான் இவள் நினைவுக்கு வந்தது. விதியை மறந்து தலையாட்டினாள். ஆட்ட ஆரம்பித்த தலையை நிறுத்தத் தெரியவில்லை.

"என்னம்மா, உடம்பு சரியில்லையா?" என்று அந்த அம்மாள்தான் கேட்டாள்.

சாயங்காலம் அவர் வழக்கம்போல் நாற்காலியில் சாய்ந்தார். "சொல்லு, இன்னிக்கி நான் யாரு?"

"யாரும் வேணாம். நீங்களாவே இருங்க."

அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. இவள் கையில் தாளில்லை. "இந்த ஏழு நாள்ல உங்க அசதி எவ்வளவு? பூஜ்யத்துலேர்ந்து பத்துக்குள்ள ஒரு நம்பர் சொல்லுங்க."

"பூஜ்யம்."

"பூஜ்யம்னா உங்களுக்கு என்ன அர்த்தம்? உங்க வார்த்தையில சொல்லுங்க."

அவர் சுவரைப் பார்த்தார். "நாளைக்கு வேலைக்குப் போகலாம்னு அர்த்தம்."

இவள் கெஞ்சினாள், திட்டினாள், ஆஸ்பத்திரிக்கு வரச்சொல்லி அழுதாள். அவர் மசியவில்லை. "கையில சீக்குன்னு தெரிஞ்சா மறுநாளே வெளிய அனுப்பிருவான். இந்தக் கட்டடம் முடியட்டும், வர்றேன். நாளைக்கு மோட்டாரை இறக்கணும்."

"கீழ யாரு நிப்பா?"

"வேற யாரு? உன் தம்பிதான்." சொல்லும்போதே அவர் குரல் உள்ளே போயிற்று. ஆனாலும் வார்த்தையை மாற்றிக்கொள்ளவில்லை.

இன்று காலை சட்டையை மாட்டிக்கொண்டு வழக்கம்போல் முன்னால் வந்து நின்றார். இவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"நீங்களே போடுங்க. போட்டுட்டு வேலைக்குப் போங்க. நான் தடுக்க மாட்டேன்."

"என்னடி புதுசா?" என்று சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார். பொத்தான் வழுக்கியது. மறுபடி பிடித்தார். விரல் கணுக்கள் வீங்கிப் பளபளவென்றிருந்தன. தினமும் பார்த்த கைதான், இன்றுதான் கண்ணில் பட்டது. காஜாவின் வாய்வரை போன பொத்தான் நழுவியது. அவர் நெற்றி வேர்த்தது. இவள் நினைத்தால் ஒரு நொடியில் போட்டுவிட்டிருக்கலாம். ஆனால் உதவக் கூடாது. இத்தனை வருஷத்தில் அந்த விதி இவ்வளவு கொடுமையாக என்றைக்கும் இருந்ததில்லை.

கட்டிலில் அவருடைய போன் அடித்தது. இவள் எடுத்தாள்.

"அக்காவா? மாமா கிளம்பிட்டாரா? மோட்டார் மேல ரெடியா தொங்குது. நான் குழில இறங்கிட்டேன், வந்து கயித்தைப் பிடிச்சா வேலை முடிஞ்சுரும்."

அவர் காதிலும் அது விழுந்தது. இரண்டு கைகளையும் கீழே போட்டார். சட்டை திறந்தபடியே இருந்தது.

"பத்து" என்றார்.

"மேல ஏறி வாடா" என்று இவள் போனில் கத்தினாள். "இப்பவே ஏறி வா."