அரியர் வந்துருச்சுங்களா?

மைசூர்பாகு டப்பாவோடு ஒருவர் காலையிலேயே வாசலில் வந்து நின்றால் என்ன அர்த்தம்? அவர் வீட்டில் ஏதோ நல்லது நடந்திருக்கிறது என்று அர்த்தம். எங்கள் போத்தனூர் வீட்டுக்கு அப்படி ஒருவர் இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். வந்த காரணத்தைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"ஏனுங்க மேடம், நாந்தானுங்க சௌமியா அப்பா, தங்கராஜு. பாப்பாவுக்கு அரியர் இருக்குதாமுங்களே... ரொம்ப சந்தோசமுங்க!"

அரியர் இருப்பதற்கு ஸ்வீட்டா?

என்னைப் பல வருடமாகப் படிக்கிறவர்களுக்கு என் பிழைப்பு தெரியும். தெரியாதவர்களுக்காக – நான் ஒரு தனியார் இன்ஜினீயரிங் காலேஜில் கணக்கு நடத்திக்கொண்டிருந்தவள். இப்போது வீட்டு மாடியில் அரியர் டியூஷன் எடுக்கிறேன். அதாவது, செமஸ்டரில் ஃபெயிலான பேப்பரைத் திரும்ப எழுதப்போகும் பிள்ளைகளுக்கு. நம் பக்கம் ஹைவேயில் எந்தத் திசையில் போனாலும் ஒரு காலேஜ் வரும். எதிரே ஒரு பேக்கரி இருக்கும். கொஞ்சம் தள்ளி என்னை மாதிரி ஒருத்தி போர்டும் சாக்பீஸுமாக உட்கார்ந்திருப்பாள்.

என்னிடம் வரும் சௌமியா கடைசி வருடம். எல்லா பேப்பரும் பாஸ், எம்-த்ரீ என்கிற கணக்கு பேப்பர் மட்டும் இரண்டு தடவை எழுதியும் காலை வாரிவிட்டது. இத்தனைக்கும் பிளஸ் டூ கணக்கில் அள்ளிக்கொண்டு வந்த பெண்! அவள் படித்த பள்ளியில் பிளஸ் ஒன் புத்தகத்தைப் பேருக்குத் தொட்டுவிட்டு, நேராக பிளஸ் டூவை உருப்போட வைத்தார்கள். காலேஜில் பாடம் எடுத்தவரோ பாதி செமஸ்டரில் வேறு காலேஜுக்குப் போய்விட்டார். அஸ்திவாரமே இல்லாத இடத்தில் அந்தப் பெண் எதை வைத்துக் கட்டும்? எனக்குப் பற்றிக்கொண்டு வரும். யாரிடம் போய்ச் சண்டை போடுவது?

கேம்பஸில் ஒரு கம்பெனி அவளை எடுத்துக்கொண்டது. ஒரே ஒரு நிபந்தனை – சேரும்போது ஒரு அரியரும் இருக்கக் கூடாது. எம்-த்ரீயைத் தாண்டினால் வேலை. இல்லையென்றால் அந்த இடம் வேறு யாருக்கோ.

இதில் அப்பா எப்படி மைசூர்பாகோடு வந்தார் என்கிறீர்களா?

தங்கராஜ் ஒரு ஸ்பின்னிங் மில்லில் ஃபிட்டர். அங்கே அரியர் என்றால் வேறு. சம்பள ஒப்பந்தம் மாதக்கணக்கில் இழுத்தடித்து ஒருவழியாகக் கையெழுத்தாகும். முன்தேதியிட்டுத் தரவேண்டிய பாக்கி மொத்தமாகக் கைக்கு வரும். அதுதான் அரியர். வந்துவிட்டால், 'கிளியர் ஆயிருச்சு' என்பார்கள். மகள் சிநேகிதியிடம் போனில், "ஒரு அரியர்தான்டி இருக்கு, அது கிளியர் ஆயிட்டா கம்பெனில கூப்பிட்டுருவாங்க" என்று சொன்னது அவர் காதில் விழுந்திருக்கிறது. கம்பெனி மகளுக்குப் பணம் தரப்போகிறது என்று நினைத்து, மனுஷர் அடுத்த ஷிஃப்டிலேயே மில் முழுக்கச் சொல்லிவிட்டார். டியூஷனை வேலைக்கான கோச்சிங் என்று சௌமியா வீட்டில் சொல்லிவைத்திருந்ததால் ஸ்வீட் எனக்கும் வந்தது.

மாடிப்படியில் சௌமியா நின்றுகொண்டு, சொல்லாதீர்கள் என்று கையை ஆட்டுகிறாள். எனக்குப் பொய் சொல்ல வராது. அந்தச் சிரித்த முகத்தைப் பார்த்து உண்மையைச் சொல்லவும் வாய் வரவில்லை.

"பாப்பாவுக்கு எவ்வளவுங்க மேடம்?"

"ஒண்ணுதாங்க..." என்று முனகினேன்.

"ஒரு லட்சமுங்களா!"

மேலே டியூஷனுக்கு வந்திருந்த ஒருவன் களுக்கென்று சிரித்தான். திரும்பி ஒரு முறை முறைத்தேன், அடங்கினான். அதற்குள் சௌமியா விடுவிடுவென்று கீழே இறங்கி வந்துவிட்டாள்.

"அப்பா... அரியர்னா பணமில்லப்பா. ஃபெயிலுப்பா. நான் கணக்குல ஃபெயிலு."

தங்கராஜ் டப்பாவைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏன் கண்ணு எங்கிட்டச் சொல்லுல?"

"அந்தியூர் அத்தை வாரப்பெல்லாம் கல்யாணப் பேச்சைத்தானே எடுக்கறாங்க. ஃபெயிலுன்னு தெரிஞ்சா நீங்களும் சரின்னு தலையாட்டிப்போடுவீங்க. எனக்கு வேலைக்குப் போகணும்ப்பா." சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டாள்.

பரீட்சைக்கு இரண்டே நாள். இந்த மனுஷர் இப்போது ஒரு வார்த்தை கடுமையாகச் சொன்னால் இவள் படித்ததெல்லாம் போய்விடும்.

"மில்லு பூராச் சொல்லிப்போட்டனே அம்மணி..." என்றார் மெதுவாக. பிறகு எழுந்து டப்பாவைப் பிரித்து, முதல் துண்டை மகளிடம் நீட்டினார். "அழுகாத. அத்தைகிட்ட நான் பேசிக்கறேன். நீ மேல போய்ப் படி." மிச்சத்தை மாடிக்கே ஏறிவந்து எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுத்தார். முதலில் களுக்கென்று சிரித்தவன்தான் இரண்டு எடுத்துக்கொண்டான்.

ஆனால் மில் விடுமா? பரீட்சை முடிந்த மறுநாளிலிருந்தே கேள்வி. "ஏனுங்க தங்கராஜு, பாப்பாவுக்கு அரியர் வந்துருச்சுங்களா?" இவர் பொய்யும் சொல்லவில்லை, மகளை விட்டும் கொடுக்கவில்லை. "எழுதியாச்சுங்க. கைக்கு வரத்தான் கொஞ்சம் லேட்டாகுது." மில்காரர்களுக்கு அது ஒப்பந்தம் எழுதின மாதிரி கேட்டிருக்கும். எங்களுக்கு அது எம்-த்ரீ.

பிள்ளைகள் தோற்றதை வீட்டில் சொல்வதில்லை என்று பெற்றோர்கள் என்னிடம் வந்து குறைப்படுகிறார்கள். சொன்னால் என்ன நடக்கும் என்று பிள்ளைகள் ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். நான் நடத்தும் கணக்கைவிட அதைத்தான் அவர்கள் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள். சௌமியா போட்ட கணக்கு தப்பாகிப்போனதில் எனக்கு ரொம்ப சந்தோஷம்.

போன வாரம் ரிசல்ட். நெட்டில் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. சாயங்காலம் போன் வந்தது. பின்னால் மில் மிஷின் இரைச்சல்.

"மேடம்! பாப்பா அரியர் கிளியர் ஆயிருச்சுங்க! அடுத்த மாசம் வேலைக்குச் சேரச் சொல்லிப்போட்டாங்க!" எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ரொம்ப சந்தோஷங்க. இனி மில்லுல நிம்மதியாச் சொல்லலாம்" என்றேன்.

"சொல்லிப்போட்டனுங்க மேடம்..." அவர் சிரித்தார். "எங்க மில்லு அரியருதானுங்க இன்னும் வரலை."