நெல் களத்தில் நின்ற படகைப் பார்க்கப் போனோம்

நடந்ததை நடந்தபடியே எழுதுவது என்று முடிவு செய்துகொண்டுதான் இந்தப் பதிவை ஆரம்பிக்கிறேன். எனக்குச் சாதகமில்லாத இடங்களையும் விடப்போவதில்லை. பழைய மோட்டார் படகு வாங்கலாமா என்று இணையத்தில் தேடினால் கடலோரத்துக்காரர்கள் எழுதியது நிறைய கிடைக்கிறது. உத்திரமேரூர்ப் பக்கத்திலிருந்து யாரும் எழுதியதாகத் தெரியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

போனதற்குக் காரணம் இது. சாலையை அகலப்படுத்த எங்கள் நிலத்தில் நாற்பது சென்ட் எடுத்துக்கொண்டார்கள். மீதி ஒன்றரை ஏக்கர் ஏரிப் பாசனத்தின் கடைமடையில், தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடத்தில், இருக்கிறது. இழப்பீடாக வந்த பதினான்கு லட்சம் ஆறு மாதமாக வங்கியில் கிடக்கிறது. சாலை வந்த பிறகு அந்தப் பணத்துக்கு இருபது சென்ட் கூடக் கிடைக்கவில்லை. கொஞ்சம் உள்ளே தள்ளியாவது நிலமாகவே வாங்க வேண்டும் என்பது அம்மாவின் பேச்சு. அம்மாவின் தம்பி முரளி மாமா சுற்றுலா வேன் ஓட்டுகிறார். அவர்தான் இந்தப் படகைக் கண்டுபிடித்தார். பதினோரு லட்சம். எங்கள் ஏரியில் விட்டால் ஞாயிற்றுக்கிழமைகளில் சென்னைக் கூட்டம் வரும் என்றார். அனுமதி வாங்குவதைத் தானே பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். நைனா, அதாவது என் அப்பா, ஒரு வாரம் யோசித்துவிட்டு, பார்ப்பதில் தப்பில்லை என்றார்.

தை மாதம் மூன்றாவது சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு மூவரும் கிளம்பினோம். வாலாஜாபாத்துக்குப் பதினெட்டு கிலோமீட்டர். நைனாவுக்கும் மாமாவுக்கும் தலைக்குப் பதினேழு ரூபாய், பெண் என்பதால் எனக்கு இலவசம். அங்கே நாஷ்டா (பூரி சுமார்தான், வடை சாப்பிடுங்கள்). பிறகு செங்கல்பட்டு பஸ்ஸில் பழையசீவரம். அங்கிருந்து ஷேர் ஆட்டோவில் மூன்று கிலோமீட்டர், ஆளுக்கு இருபது ரூபாய். பஸ்ஸில் மாமா என்னிடம், பேரம் முடியும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவைத்தார். நான் தலையாட்டினேன். இதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

படகு நின்றிருந்த இடம் ஒரு ரைஸ் மில். நெல் காயவைக்கும் சிமென்ட் களத்தின் ஓரமாக, பனைமரத் துண்டுகளுக்கும் லாரி டயர்களுக்கும் மேலே அதை நிறுத்தியிருந்தார்கள். முப்பத்து நாலு அடி நீளம். ஒருகாலத்தில் வெள்ளையாக இருந்திருக்கும். இப்போது பழைய பிளாஸ்டிக் பக்கெட்டின் நிறம். சென்னையில் இருக்கும் உரிமையாளர் கடலில் இரண்டு வருடம் ஓட்டியிருக்கிறார். டீசல் செலவு தாங்காமல், டிரெய்லரில் ஏற்றித் தன் மச்சானுடைய இந்த மில்லில் கொண்டுவந்து வைத்துவிட்டாராம். வரும் வழியில் புளியமரக் கிளைகளை வெட்ட வேண்டியிருந்தது என்று மில் மெக்கானிக் செல்வம் அண்ணன் சொன்னார். படகை இப்போது பார்த்துக்கொள்வது அவர்தான்.

ஏணி வைத்து ஏறினோம். உள்ளே சோபா, சின்ன சமையலறை, கழிப்பறை, இரண்டு படுக்கைகள். எல்லாவற்றின் மேலும் உமித்தூசி. மேல்தளத்தில் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டேன். எதிரே களம் முழுக்க நெல், மஞ்சள் தண்ணீர் மாதிரி. அந்த நிமிடத்தில் இந்தப் படகு எங்களுடையதாக ஆகிவிட வேண்டும் என்று எனக்கு இருந்தது. 

நைனா ஏறியதும் நேராக இஞ்சின் அறைக்குப் போனார். இரண்டு டீசல் இஞ்சின்கள். ஒவ்வொன்றின் மேலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். பழைய டிராக்டர் வாங்கும்போதும் இப்படித்தான் செய்வார். நாம் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால், காலையில் கிளம்ப மறுக்கிற இஞ்சின் என்று அர்த்தம். இவை ஜில்லென்று இருந்தன. நைனா முகத்தில் திருப்தி தெரிந்தது. மாமா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

தரையில் நிற்கும் படகு இஞ்சினைத் தண்ணீர் கொடுக்காமல் ஓட்டினால் கருகிவிடுமாம். செல்வம் அண்ணன் போர் மோட்டாரிலிருந்து ஹோஸ் இழுத்து மாட்டினார். நைனா டேங்க் குழாயைக் கழற்றி, லிட்டர் கோடு போட்ட ஒரு டீசல் கேனில் விடச் சொன்னார். பம்புசெட்டை அப்படித்தான் சோதிப்போம். மூன்றாவது தடவையில் இரண்டும் கிளம்பின. கறுப்புப் புகை களத்தின் மேல் இறங்கியது. நெல் துழாவிக்கொண்டிருந்த ஓர் அம்மா பலகையைக் கீழே போட்டுவிட்டு வந்தார்.

"யோவ் செல்வம், நெல்லு மேல பொகைய உடற. நாளைக்கு சோத்துல டீசல் நாத்தம் அடிச்சா, உன் கப்பல்ல வந்து துன்னுவாங்களா?"

அரை மணி நேரத்தில் கேனில் மூன்று லிட்டர் குறைந்தது. அவ்வளவுதானா என்று மாமா சந்தோஷப்பட்டார். நைனா மட்டும் மறுப்பாகத் தலையை ஆட்டினார். தண்ணீர் ஏற்றாமல் சும்மா ஓடும் பம்புசெட்டும் கொஞ்சமாகத்தான் குடிக்கும் என்றார். செல்வம் அண்ணன் மறைக்கவில்லை.

"ஆமாண்ணா, இது தரையில. தண்ணில எறங்கி இழுத்துச்சுன்னா மணிக்கு அம்பது லிட்டர் குடிக்கும். நான் எதுக்கு பொய் சொல்லணும்?"

மணிக்கு அம்பது லிட்டர் என்றால் கிட்டத்தட்ட ஐயாயிரம் ரூபாய். மாமா அதற்கும் பதில் வைத்திருந்தார். பன்னிரண்டு பேர், தலைக்கு ஐந்நூறு. தவிர பாதி நேரம் படகு நின்றால் போதும், பிறந்தநாள் கொண்டாடுகிறவர்கள் ஓட்டவா சொல்லப்போகிறார்கள் என்றார். நிற்பதற்கு எதற்கு இரண்டு இஞ்சின் என்று நினைத்தேன், கேட்கவில்லை. பேரம் பத்தே கால் லட்சத்துக்கு வந்து நின்றது. செல்வம் அண்ணன் உரிமையாளருக்குப் போன் போட எடுத்தார்.

அப்போது நைனா, மிதக்க எவ்வளவு ஆழம் வேண்டும் என்று கேட்டார். அடியில் இருக்கும் விசிறி தட்டாமல் இருக்க நாலு அடி, ஐந்து இருந்தால் நல்லது என்றார் செல்வம் அண்ணன். எனக்கு உடனே எங்கள் ஏரி ஞாபகம் வந்தது. மாசியில் நவரைப் பருவ நெல்லுக்கு மதகைத் திறப்பார்கள். திறந்த மூன்று வாரத்தில் கரையோரம் முழங்கால் அளவுதான் இருக்கும்.

"நைனா, மதகு தொறந்தா படகு சேத்துல நிக்குமே?"

கேட்டுவிட்டேன். மாமா என்னை முறைத்தார். பிறகு நைனாவிடம் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் நைனாவை மாமா என்றுதான் கூப்பிடுவார்.

"அது ஒரு மேட்டரா மாமா? மதகு தொறக்கறவர பாத்து பேசிக்கலாம். ஒரு மாசம் லேட்டா தொறந்தா இன்னா ஆயிடும்?"

 நைனா கேனில் மிச்சமிருந்த டீசலைத் திரும்பவும் டேங்கில் ஊற்றினார், ஒரு சொட்டு சிந்தாமல். யோசித்துச் சொல்வதாகச் செல்வம் அண்ணனிடம் சொல்லிவிட்டு ஏணியில் இறங்கினார். பன்னிரண்டரைக்குக் கிளம்பினோம். 

மூன்று மணிக்கு வீடு. படகு எப்படி என்று அம்மா கேட்டதும் மாமா மளமளவென்று சொல்ல ஆரம்பித்தார். நைனா கால் கழுவிவிட்டு வந்து, வேண்டாம் என்றார். இஞ்சின் பழுதா என்று அம்மா கேட்டார்.

"இஞ்சின் நல்லா கீது. போன வருசம் மாசில மதகாண்ட நின்னுக்கினு, தொறங்கடா, கடமடை காயுதுன்னு கத்துனேன். வர்ற மாசில அதே எடத்துல நின்னு தொறக்காதீங்கடான்னு கத்த சொல்றியா, முரளி?"

 மாமா, "விவசாயத்துல இன்னாத்த வாரிட்ட மாமா?" என்றார்.  அம்மா சாப்பிடக் கூப்பிட்டும் மாமா நிற்காமல் வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் குழம்பிப் போயிருக்கிறேன். நைனா சொன்னது சரி. மாமா கேட்டதும் தப்பாகத் தெரியவில்லை. போன நவரையில் எங்களுக்கு மிஞ்சியது விதைநெல்லும் வைக்கோலும்தான். நான் கேட்டது நைனாவுக்கு முன்பே தெரியாமலா இருந்திருக்கும், இல்லை நான்தான் படகைக் கவிழ்த்தேனா? அந்த ஸ்டியரிங்கை நினைத்தால் இப்போதும் கை குறுகுறுக்கிறது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். காலை ஒன்பதுக்கு முன்பே போய்விடுங்கள், இஞ்சின் ஆறியிருக்கும். முன்கூட்டி ஓட்ட வேண்டாம் என்று முந்தின நாளே சொல்லிவையுங்கள். தரையில் அளந்த டீசலை நம்பாதீர்கள், தண்ணீரில் எவ்வளவு என்று கேளுங்கள். படகை விடப்போகும் ஏரியைச் சித்திரையில் ஒருமுறை நடந்து பாருங்கள். களத்தில் நெல் காயும் நாளாக இருந்தால் புகை போகும் திசையையும் பாருங்கள். எங்களுக்கு மொத்தச் செலவு இருநூற்று எண்பத்தைந்து ரூபாய், வடையோடு சேர்த்து. வாயைத் திறக்கலாமா கூடாதா என்பதற்கு என்னிடம் ஆலோசனை இல்லை.

எழுதி முடிக்கும்போது மணி எட்டே முக்கால். மாமா போனை எடுக்கவில்லை. அவருக்குப் போட்ட சோறு மூடியபடியே இருக்கிறது. அடுத்த அறையில் அம்மா, உள்ளே தள்ளி எங்கே நிலம் கிடைக்கும் என்று மெதுவாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நைனா, காலையில் பேசலாம் என்று சொல்லி விளக்குகளை அணைத்துவிட்டார்.